ஆடியவர் ஒருவர், பாடியவர் ஒருவர்: ஒரு டான்ஸ் பாப் நிகழ்ச்சியில் டிராக் குரலுக்கு நடந்தது

பின்னணி

டான்ஸ் பாப் இசையில் பெயர் பெற்ற கலைஞர்களின் பாடல்களைக் கால வரிசையில் எடுத்து, ஒரே மாலையில் பாடி ஆடிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்த சிறு குழுவில் நடந்த விஷயம் இது. அதில் இசைப் பொறுப்பு என்னுடையது. பாடல் தேர்வு, சுருதி, குரல் பயிற்சி என்று ஒத்திகையில் காதில் விழும் எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியவள். சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்னும் மேடையில் வேலை செய்துகொண்டிருப்பதால் யார் பெயரும் இங்கே வராது.

மேடையில் முன்னால் நின்றவரை முதன்மைப் பாடகி என்று வைத்துக்கொள்வோம். அருமையாக ஆடுவார். குரல் சுத்தமானது, ஆனால் நடு ஸ்தாயியில்தான் இயல்பாக நிற்கும். பின்வரிசையில் இன்னொரு பாடகி. கனமான, திறந்த குரல். உச்சத்தில் பிடித்தால் கூடமே நிறையும். அவர் ஆடுவதில்லை. இவர்களோடு நான்கு நடனக் கலைஞர்கள், ஒரு டான்ஸ் மாஸ்டர், ஓர் ஒலிப் பொறியாளர், பிறகு நிகழ்ச்சி அமைப்பாளர்.

பட்டியல் டோனா சம்மரில் தொடங்கியது. 1977-ல் ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலோட் இருவரும் அவருக்காகத் தயாரித்த இசையில் வாத்தியக் குழுவின் இடத்தை முக்கால்வாசி சிந்தசைசர் எடுத்துக்கொண்டது. இன்றைய டான்ஸ் பாப்பின் அடித்தளம் அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம். அடுத்து மடோனா, மைக்கேல் ஜாக்சன், ஜேனட் ஜாக்சன். அதன்பின் 1989 முதல் 1991 வரை ஹவுஸ் இசை (கிளப்புகளில் ஆடுவதற்கென்று எந்திரத் தாளத்தில் அமைந்த இசை) பாப் விற்பனைப் பட்டியல்களுக்குள் புகுந்த காலத்துக்கு ஒரு தனிப் பகுதி. கடைசியாகக் கைலி மினோக், பிரிட்னி ஸ்பியர்ஸ், லேடி காகா.

முதன்மைப் பாடகி ஸ்டெப் கற்றுக்கொண்டிருந்த நாட்களில் நடனக் கலைஞர்களுக்குப் பாட்டு வேண்டியிருந்தது. இரண்டாம் பாடகி எல்லாப் பாடல்களுக்கும் டிராக் (ஒத்திகையில் ஓடவிடுவதற்காக முன்கூட்டியே பதிவு செய்யும் குரல்) பாடிக் கொடுத்தார். ஒத்திகைக்கு மட்டும் என்றுதான் பேச்சு. எழுத்தில் எதுவும் இல்லை. கணினியில் அந்தக் கோப்புகளுக்கு வைத்த பெயர்களில் பாடல் இருந்தது, தேதி இருந்தது, பாடியவர் பெயர் இல்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இது முக்கியம்.

முழு ஒத்திகையில் கவனித்தது

நிகழ்ச்சியை நிறுத்தாமல் முழுதாக ஓட்டிப் பார்த்த அன்று, அரங்கில் உட்கார்ந்து கேட்டவர்கள் எல்லோருக்கும் திருப்தி. பாட்டு நிறைவாகக் கேட்டது, ஆட்டமும் பிசகவில்லை. ஒலிப் பொறியாளருக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ஜேனட் ஜாக்சன் பகுதியில் முதன்மைப் பாடகி சட்டென்று திரும்பி, வாயை மூடிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுகிறார். அந்த நொடியில் ஸ்பீக்கரில் ஒரு மூச்சு கேட்டது. யாரோ ஆழமாக இழுக்கும் மூச்சு. மேடையில் யாரும் அப்போது மூச்சு இழுக்கவில்லை. டிராக் குரலுக்கு உரியவர் எப்போதோ மைக் முன்னால் இழுத்த மூச்சு அது.

ஒத்திகை முடிந்ததும் பதிவை எடுத்து, ஹெட்செட் மைக் வந்த சேனலை மட்டும் தனியாகக் கேட்டோம். உண்மை நிலை அப்போதுதான் தெரிந்தது. முதல் இரண்டு பாடல்கள் பரவாயில்லை. அதன்பின் வரிகளின் கடைசிச் சொற்கள் காணாமல் போயின. நீட்டிப் பிடிக்க வேண்டிய சுரங்கள் மெல்லக் கீழே சரிந்தன. குதித்து இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் தொப்பென்று ஓர் அடி, அந்த அடியோடு சேர்ந்து குரலிலும் ஒரு வெட்டு. ஹவுஸ் பகுதியின் உச்ச ஸ்தாயி இடங்களில் அவர் பாடவே இல்லை. உதடு மட்டும் அசைந்திருக்கிறது. அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. மூச்சு இல்லை, அவ்வளவுதான்.

குரல் போதாதா, மூச்சு போதாதா என்று பிரித்துப் பார்க்க, ஒரே பாடலை மூன்று விதமாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்தோம்: அசையாமல் நின்று, தாளத்துக்கு நடந்துகொண்டு, முழு ஸ்டெப்போடு. நின்று பாடியதில் குறையே இல்லை. நடந்தபோதும் சுருதி நின்றது. முழு ஸ்டெப் வந்ததும் பழைய கதை. ஆக, ஹவுஸ் பகுதியைத் தவிர மற்ற இடங்களில் குரல் போதுமானதாகவே இருந்தது. பழுது இருந்த இடம் மூச்சுக்கும் ஸ்டெப்புக்கும் நடுவில்.

இதைக் கொஞ்சம் விளக்கினால்தான் பின்னால் எடுத்த முடிவுகள் புரியும். டான்ஸ் பாப் பாடல்களில் நிமிடத்துக்கு 120 அடி என்பது சாதாரணம். அப்படியானால் ஒரு அடிக்கு அரை நொடி, எட்டு கவுண்ட் முடிய 4 நொடி. இரண்டு வரிகளுக்கு நடுவில் மூச்சு எடுக்கக் கிடைப்பது பெரும்பாலும் அரை அடி, அதாவது கால் நொடி. அந்தக் கால் நொடியில் உடம்பு குதித்து இறங்கிக்கொண்டிருந்தால், இறங்கும் அதிர்ச்சியைத் தாங்க வயிற்றுத் தசைகள் இறுகும். இறுகிய வயிற்றோடு மூச்சை முழுதாக உள்ளே இழுக்க முடியாது. அடுத்த வரி பாதி மூச்சில் தொடங்கும், அதற்கடுத்தது கால் மூச்சில். இப்படி மூன்று பாடல்கள் கடன் சேர்ந்தால் யார் குரலும் நிற்காது. எங்கள் ஸ்டெப்புகளைப் பார்த்தபோது, கண்ணைக் கவரும் குதிப்புகள் எல்லாம் வரிக்கும் வரிக்கும் நடுவிலேயே வைக்கப்பட்டிருந்தன. நடனப் பார்வையில் அது சரிதான். பாட்டு ஓயும் இடத்தை ஆட்டம் நிரப்ப வேண்டும் என்றுதான் எந்த டான்ஸ் மாஸ்டருக்கும் தோன்றும்.

முன்வைக்கப்பட்ட வழி

நிகழ்ச்சிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அமைப்பாளர் சுலபமான வழியைச் சொன்னார். கஷ்டமான நான்கு பாடல்களுக்கு டிராக் குரலையே விட்டுவிடலாம், முதன்மைப் பாடகி வாயசைத்து ஆடட்டும், இத்தனை நாள் ஒத்திகையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்றார். போஸ்டர் அச்சாகிவிட்டது, அதில் முதன்மைப் பாடகியின் முகமும் பெயரும் மட்டும். டான்ஸ் மாஸ்டருக்கும் இதில் ஆட்சேபணை இல்லை, அமைத்த நடனம் அப்படியே நிற்கும். முதன்மைப் பாடகி தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் பாடகி எதுவும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, “அப்ப என் பேர் எங்க வரும் அக்கா?” என்று கேட்டார். கோபமோ குறையோ இல்லாமல், தகவல் கேட்கும் தொனியில்தான் கேட்டார். நிகழ்ச்சித் தாளை எடுத்துப் பார்த்தேன். பின்னணிக் குரல்கள் என்ற வரியில், பொதுவாக, குழு என்று இருந்தது.

அதே தாளில் ஹவுஸ் பகுதிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பும் இருந்தது. பிளாக் பாக்ஸ், சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி, டெக்னோட்ரானிக் என்று குழுக்களின் பெயர்கள். இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றின் கதையும் அந்தப் பாடகி கேட்ட கேள்வியைப் பற்றியதுதான்.

பட்டியலில் இருந்த கலைஞர்களின் கதை

முடிவெடுக்கும் முன் எல்லோரையும் உட்காரவைத்து இந்தக் கதைகளைப் பேசினேன். நிகழ்ச்சியில் நாங்கள் கொண்டாடப்போகிறவர்களின் வாழ்க்கையிலேயே பதில் இருந்ததால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

1989-ல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் ‘ரைட் ஆன் டைம்’ பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு அங்கே மிக அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான். முன்னால் நின்று வாயசைத்தவர் கத்ரீன் கினோல் என்ற மாடல். குரலோ லோலீட்டா ஹாலோவே 1980-ல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாடலிலிருந்து வெட்டி எடுத்தது. ஹாலோவே தரப்பு போராடிய பிறகுதான் அவருக்கு உரியது கிடைத்தது.

அதே குழு தன் ஆல்பத்துக்குப் புதிதாகப் பாட வைத்தது மார்த்தா வாஷை. டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டருக்குப் பின்பாட்டுப் பாடியவர், 1982-ல் வெதர் கேர்ள்ஸ் இருவரில் ஒருவராக உலகம் முழுக்கக் கேட்கப்பட்டவர். பிளாக் பாக்ஸ் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பாடியது அவர். காணொளியில் முகம் கினோலுடையது, ஆல்பத்தில் வாஷின் பெயர் இல்லை. அடுத்து சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் ‘கோனா மேக் யூ ஸ்வெட்’. 1991 பிப்ரவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாடல். அதில் எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்தக் கூவல் வாஷுடையது. வேறொரு மாதிரிப் பதிவுக்காக அவர் பாடிக் கொடுத்த துண்டுகளை ஒட்டி அமைத்தது. காணொளியில் வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ். டேவிஸும் பாடகிதான், அந்த ஆல்பத்தின் மற்றப் பாடல்களில் பாடியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாஷ் வழக்குப் போட்டார். சமரசத்தின் ஒரு பகுதியாக அந்தக் காணொளியில் குரல் வாஷுடையது, காட்சியில் வருபவர் டேவிஸ் என்று குறிப்புச் சேர்க்கும்படி இசை நிறுவனம் எம்டிவி சேனலைக் கேட்டுக்கொண்டது. பாடியவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்ற வழக்கம் இசைத்துறையில் உறுதிப்பட இந்த வழக்குகள் பெரிய காரணம். என் பார்வையில் டான்ஸ் பாப் வரலாற்றில் மிக முக்கியமான கலைஞர்களில் ஒருவர் மார்த்தா வாஷ். விற்பனைக் கணக்குகளை மட்டும் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

‘பம்ப் அப் த ஜாம்’ வந்தபோது டெக்னோட்ரானிக்கின் அட்டையிலும் காணொளியிலும் இருந்தவர் ஃபெல்லி என்ற மாடல். பாடியவர் யா கிட் கே. அடுத்த பாடலின் காணொளியில் யா கிட் கே தானே வந்தார். அது சீக்கிரம் நேரான விஷயம்.

மிலி வனிலி என்ற இருவர் குழுவின் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். ராப் பிலாடஸ், ஃபாப் மோர்வன் இருவரும் 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆல்பத்தில் ஒரு வரிகூட அவர்கள் பாடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே கனெக்டிகட்டில் ஒரு மேடையில் ஓடிக்கொண்டிருந்த பதிவு சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதன்பிறகும் பல மாதம் எதுவும் மாறவில்லை. இந்த அமைப்பை உருவாக்கிய தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் முன்னதாக போனி எம் குழுவை நடத்தியவர். அதில் பாபி ஃபாரல் ஆடினார், ஆண் குரல் ஃபாரியனுடையது. மிலி வனிலிக்கு உண்மையில் பாடியவர்கள் சார்ல்ஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹவெல் ஆகியோர். அந்தச் செய்தியில் எல்லோரும் பேசியது ஏமாற்றிய இருவரைப் பற்றி. பாடியவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

அமைப்பாளர் இதற்கு ஒரு நல்ல மறுப்புச் சொன்னார். 1983-ல் மோட்டவுன் இசை நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டு விழாவில் மைக்கேல் ஜாக்சன் ‘பில்லி ஜீன்’ பாட்டுக்கு ஆடி, மூன்வாக்கை முதன்முதலாகப் பெரிய மேடையில் காட்டினாரே, அது முழுக்க வாயசைப்புதானே என்றார். ஆமாம், ஓடியது பதிவுதான். ஆனால் அது அவருடைய குரல். அந்தக் கணத்தில் அவர் கொடுக்க வந்தது ஆட்டம். குரலை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். பதிவா நேரடியா என்பதைவிட, அந்தக் குரல் யாருடையது, அவர் பெயர் சொல்லப்படுகிறதா என்பதே பெரிய கேள்வி என்பது அந்த உரையாடலில்தான் எங்களுக்குத் தெளிவானது. அதுவரை இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தோம்.

டிராக் குரலைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் எதிர்த்திசையிலும் சிக்கல் வரும். அமெரிக்கப் பாடகி பாலா அப்துல்லின் முதல் ஆல்பத்தில் தன் குரல் முன்னணிக் குரலாகப் பயன்பட்டது என்று அதில் பின்பாட்டுப் பாடிய ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1993-ல் நடுவர் குழு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை, அப்துல் தரப்புக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனாலும் முழுதும் தன் குரலில் பாடிய கலைஞர் அதை நீதிமன்றத்தில் நின்று நிறுவ வேண்டி வந்தது. ஆக, பாடியவருக்கு மட்டுமல்ல, முன்னால் நிற்பவருக்கும் தெளிவான பதிவு தேவை. முதன்மைப் பாடகி இதைக் கேட்டபிறகுதான் மனம் மாறினார் என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒருவரின் குரலுக்கு இன்னொருவர் வாயசைப்பது இந்த நிகழ்ச்சியில் எந்தப் பாடலிலும் இல்லை என்பது முதல் முடிவு. பல்லவிகளைக் கனப்படுத்தப் பின்னால் பதிவு ஓடலாம்; ஆனால் அது முதன்மைப் பாடகியே பாடியதாக இருக்க வேண்டும், மைக் குரலைவிடத் தணிந்திருக்க வேண்டும். பெரிய மேடைகளில் இது வழக்கமாக நடப்பதுதான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் பாடகியின் டிராக்குகள் அத்தனையும் ஓடும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன.

ஹவுஸ் பகுதியை இரண்டாம் பாடகி முன்னால் வந்து நேரடியாகப் பாடுவார், முதன்மைப் பாடகி அங்கே ஆடுவார் என்று மாற்றினோம். இதற்கு நல்ல முன்மாதிரி இருந்தது. மடோனாவின் 1990 உலகச் சுற்றுப்பயணத்தில் நிக்கி ஹாரிஸ், டோனா டி லோரி இருவரும் பக்கத்திலேயே நின்று பாடினார்கள், ஆடினார்கள், காட்சிகளில் பங்கும் எடுத்தார்கள். சுமை பகிரப்பட்டது பார்வையாளரின் கண்ணெதிரே. மடோனாவின் மதிப்பு அதனால் குறையவில்லை.

டான்ஸ் மாஸ்டரோடு உட்கார்ந்து செய்த வேலைதான் அதிக நேரம் பிடித்தது. பாடல் வரித்தாளில் மூச்சு எடுக்கும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்தோம். அந்த இடங்களில் குதிப்பு, முதுகு வளைப்பு, தரையில் இறங்குவது எதுவும் கூடாது. தலை திருப்பல், தோள், கை அசைவு மட்டும். அங்கிருந்து எடுத்த குதிப்புகளை நடனக் கலைஞர்களுக்குக் கொடுத்தோம். டான்ஸ் மாஸ்டருக்கு முதலில் வருத்தம்தான். தான் கட்டியதைக் கலைக்கிறோம் என்று நினைத்தார். ஒரு பாடலை மாற்றி ஆடவிட்டுப் பார்த்தபோது, முன்னால் நிற்பவர் அடங்கி நிற்க நால்வர் பின்னால் எழும்புவது இன்னும் வலுவாகத் தெரிந்தது. அப்புறம் மற்றப் பாடல்களை அவரே மாற்றினார்.

சுருதியை இரண்டு பாடல்களில் ஒரு படி இறக்கினோம். மூச்சுப் பயிற்சிக்கு நடையோடு பாடுவதிலிருந்து தொடங்கினோம். 2023 சுற்றுப்பயணத்துக்கு முன் டெய்லர் ஸ்விஃப்ட் டிரெட்மில்லில் முழுப் பாடல் பட்டியலையும் பாடிக்கொண்டே ஓடிப் பயிற்சி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். வேகப் பாட்டுக்கு ஓட்டம், மெதுவான பாட்டுக்கு வேக நடை. அந்த முறையையே நாங்கள் மென்மையாகச் செய்தோம். ஹெட்செட் மைக் இடத்தையும் மாற்றினோம். உதட்டு ஓரத்திலிருந்து சற்றுப் பின்னால் தள்ளியதும் மூச்சிரைப்பின் சத்தம் குறைந்தது. (1979 சுற்றுப்பயணத்தில் கேட் புஷ் ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்பதற்காகக் கோட் ஹேங்கர் கம்பியை வளைத்துத்தான் இந்த மைக்கின் ஆரம்ப வடிவத்தைச் செய்தார்கள். கலைஞரின் உடம்புக்குக் கருவி வளைய வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அது.)

நிகழ்ச்சித் தாளை மறுபடி அச்சிட்டோம். ஒவ்வொரு பாடலுக்கும் எதிரே யார் பாடுகிறார், யார் ஆடுகிறார், பதிவு ஓடுகிறதா என்று எழுதினோம். ஹவுஸ் பகுதியில் குழுப் பெயர்களுக்குக் கீழே லோலீட்டா ஹாலோவே, மார்த்தா வாஷ், யா கிட் கே என்று குரலுக்கு உரியவர்களின் பெயர்களைச் சேர்த்தோம். போஸ்டரை மாற்ற நேரமில்லை. அது அப்படியே போனது.

நிகழ்ச்சியில் நடந்தது

டோனா சம்மரிலிருந்து ஜேனட் ஜாக்சன் வரை முதன்மைப் பாடகியின் குரல் நின்றது. எல்லா இடத்திலும் அல்ல. இரண்டு மூன்று வரிக் கடைசிகள் விழுந்தன. ஆனால் விழுந்தது அவருடைய குரல், எழுந்ததும் அவருடையதே. முன்வரிசையில் இருந்தவர்கள் அந்த மூச்சிரைப்பைக் கேட்டிருப்பார்கள். அதை நான் குறையாக நினைக்கவில்லை.

ஹவுஸ் பகுதிக்கு இரண்டாம் பாடகி முன்னால் வந்தபோது கூடத்தில் ஒரு சின்னக் குழப்பம் இருந்தது. போஸ்டரில் இல்லாத ஆள். முதன்மைப் பாடகி மைக்கில் அவர் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினார். எங்கள் திட்டத்தில் இருந்தது ஒரு வரிதான், அவர் அதோடு நிறுத்தாமல், ஒத்திகை முழுக்கத் தான் கேட்டுக் கற்றுக்கொண்ட குரல் இதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் கூவலிலேயே கூடம் எழுந்தது. அன்று அதிகக் கைதட்டல் வாங்கியது அந்தப் பகுதிதான்.

கடைசிப் பாடலில் முதன்மைப் பாடகிக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. இரண்டாவது சரணத்தின் பாதியில் அவர் கை காட்ட, மற்றவர் அந்த வரியை எடுத்துக்கொண்டார், பல்லவியில் மறுபடி சேர்ந்தார்கள். ஒத்திகையில் இதைப் பார்த்ததில்லை. ஒருவர் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

பிறகு வந்த காணொளி

விஷயம் அங்கே முடியவில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு விளம்பரத்துக்காக ஒரு சிறு காணொளி வெளியானது. படம் பழைய முழு ஒத்திகையில் எடுத்தது: முதன்மைப் பாடகி ஹவுஸ் பகுதிக்கு ஆடுகிறார். படத்தொகுப்பு செய்தவர் தெளிவான ஒலி வேண்டும் என்று பழைய கோப்புகளில் தேடி, டிராக் குரலை எடுத்துப் பொருத்திவிட்டார். கோப்பில் பாடியவர் பெயர் இல்லை. அது முதன்மைப் பாடகியின் குரல் என்றே அவர் நினைத்திருக்கிறார். காணொளியின் கீழே ஒரே பெயர். பார்த்தவர்கள் அந்தக் குரலைப் புகழ்ந்து முதன்மைப் பாடகிக்கு எழுதினார்கள்.

மேடையிலிருந்து நாங்கள் எடுத்துவிட்ட அதே டிராக் குரல், ஒரு கோப்பு வழியாக, கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே திரும்பி வந்துவிட்டது. முதலில் கவனித்துச் சொன்னவர் முதன்மைப் பாடகி. அன்று மாலையே காணொளியை எடுக்கச் செய்தார். இரண்டாம் பாடகி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது அத்தோடு போயிருக்கும். அவர் கேட்டது வேறு: நிகழ்ச்சியில் இருவரும் சேர்ந்து நின்ற காட்சியைப் போடுங்கள், யார் பாடுகிறார், யார் ஆடுகிறார் என்று எழுதுங்கள். அப்படியே மறுபடி வெளியானது. பழைய காணொளியை அதற்குள் பலர் சேமித்துப் பகிர்ந்துவிட்டார்கள். அவற்றை எங்களால் திரும்பப் பெற முடியவில்லை. ஒத்திகைக்கு மட்டும் என்று பாடிய குரல் விளம்பரத்துக்குப் பயன்பட்டதற்கு அவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்க அமைப்பாளர் ஒப்புக்கொண்டு கொடுத்தார்.

அடுத்த முறைக்கு மாற்றியவை

டிராக் பாடும் முன்பே ஒரு பக்கக் கடிதம் இப்போது கையெழுத்தாகிறது. எதற்குப் பாடப்படுகிறது, எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது, வேறு வேலைக்கு எடுத்தால் யாரைக் கேட்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், பெயர் எப்படி வரும். சட்ட மொழி இல்லை, எல்லோருக்கும் புரிகிற வாக்கியங்கள்தான். ஒவ்வொரு ஒலிக் கோப்பின் பெயரிலும் முதல் சொல் பாடியவருடைய பெயர். படத்தொகுப்பு செய்பவர்களுக்கு நிகழ்ச்சிப் பதிவுகள் மட்டும் போகும், ஒத்திகைக் கோப்புறை போகாது. நிகழ்ச்சி முடிந்ததும் டிராக்குகளை அழிப்பதா வைப்பதா என்பதைப் பாடியவரே சொல்வார்.

ஒத்திகை முறையிலும் மாற்றம் உண்டு. ஸ்டெப் அமைக்கும் முதல் நாளிலேயே மூச்சு குறித்த வரித்தாள் டான்ஸ் மாஸ்டர் கையில் இருக்கும். டிராக் குரல் ஓடும் ஒத்திகைகளை முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதன்பின் வாத்தியம் மட்டும். வாரத்துக்கு ஒருமுறை ஹெட்செட் சேனலைத் தனியாகக் கேட்பது கட்டாயம், முதன்மைப் பாடகியும் கூடவே உட்கார்ந்து கேட்பார். இது அவருக்கு ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. இப்போது அவரே கேட்டு வாங்கிக் கேட்கிறார்.

கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி எனக்கும் அமைப்பாளருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு பாடலுக்குப் பேர் வாங்கிய முகத்தையும் குரலையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. முகத்தையே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கத்ரீன் கினோலும் மேடையில் வேலை செய்தவர்தான், பிலாடஸும் மோர்வனும் ஆடிய ஆட்டம் அவர்களுடையதுதான். பார்வையாளருக்கு இத்தனை பெயர் வேண்டாம் என்பது அமைப்பாளரின் வாதம். நிகழ்ச்சித் தாளில் எல்லாப் பெயர்களும் வரும், அறிவிப்பில் குரலுக்கு உரியவர் பெயர் மட்டும் வரும் என்று ஒரு நடுவழிக்கு வந்திருக்கிறோம்.

அடுத்த நிகழ்ச்சியின் போஸ்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது. இரு பாடகிகளின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் என்று முடிவாகியிருக்கிறது. படம் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. அச்சுக்குப் போகும் முன் இருவரும் பார்த்து சரி சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கடிதத்தில் சேர்த்துவிட்டோம்.